ஏழாம் சேனல்

முதலில் ஆன்டெனா.
அதைத் திருகாமல் பட்டனை அழுத்தினால்
உள்ளேயே வெந்துபோகும் என்பான் மூசா,
துகம் கப்பல் பட்டறையில்
வாக்கிடாக்கி எண்ணிக் கொடுக்கும் பலூச்சி.
பிறகு பேட்டரி, டக்கென்று கேட்கும்வரை.
பச்சை எரிந்தால் கொண்டுபோ.
மஞ்சளென்றால் திருப்பிக் கொடு, வெட்கப்படாதே.
எண்ணெய்த் தொட்டிப் பக்கம் பேட்டரியைக் கழற்றாதே.
ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்காதே,
அது எலி வால் இல்லை.
இங்கே கையெழுத்து.

இன்று எங்களுக்கு ஏழு.
ஐந்து பெயின்ட்காரர்களுக்கு.
ஐந்தில் எப்போதும் சண்டை.

நானும் பௌலோஸும்
ஒருவரையொருவர் பார்க்காமல் செய்கிற வேலை.
அவன் கிரேன் உச்சியில், கண்ணாடிக் கூண்டில்.
நான் கப்பலின் வயிற்றில், பம்ப் அறை வாயிலில்.
நடுவே இரும்பு.
அவன் கண்ணை என் வாயில் வைத்திருக்கிறேன்.

வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடி.
அழுத்து. ஒரு மூச்சு பொறு. அப்புறம் பேசு.
அவசரக்காரனின் முதல் சொல்லைக் காற்று தின்றுவிடும்.
'நோ ஹாய்ஸ்ட்' என்றால்
'ஹாய்ஸ்ட்' மட்டும் போய்ச் சேரும்.
அதனால் நாங்கள் 'நோ' சொல்வதில்லை,
'ஸ்டாப்'தான்.

இறக்கும்போது ஓயாமல் சொல்ல வேண்டும்:
மெல்ல, மெல்ல, மெல்ல, மெல்ல.
என் குரல் அறுந்தால் அவன் கை நிற்கும்.
இதுதான் சட்டம்.
மற்றதெல்லாம் கிரீஸ்.

அன்றைக்குக் காற்று.
ஆடிமாதத்து துகம் காற்று
பல்லிடுக்கில் மணலை வைத்துக்கொண்டு பேசும்.
எட்டு டன் பம்ப் பாதி வழியில்.
மீட்டர் பதினொன்றைத் தொட்டதும்
'வெயிட்' என்றான் பௌலோஸ்.
சேஃப்டி பெல்ட் வாரை நெஞ்சோடு இழுத்து இறுக்கிக்கொண்டு
காத்திருந்தேன்.

ஏழில் ஒரு கீறல் இல்லை.
எல்லோரும் வாயடங்கியிருக்கிறார்கள்,
அபூர்வம் என்று நினைத்தேன்.
அந்த அமைதிக்குள்
இரவு ஜெனோவாவிடம் சொல்ல வேண்டியதை
வாய்விட்டு ஒத்திகை பார்த்தேன்.

'இந்தத் தடவையும் கிறிஸ்துமஸுக்கு இல்ல ஜெனோவா.
கம்பெனி ஆறு மாசம் நீட்டிருக்கு.
இல்ல. அவங்க நீட்டல.
நான்தான் கேட்டேன்.
ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல.'

சரியில்லை. மறுபடி முதலிலிருந்து:
'கோவப்படாத. கம்பெனிதான் நீட்டிருக்கு.'
பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.
மூன்றாம் தடவைக்கு
குரலைக் கொஞ்சம் உடைத்தும் பார்த்தேன்.

தோளில் ஒரு கை.
ரொக்கிபுல். ஏணியில் ஓடி இறங்கிய மூச்சு.
ஒன்றும் சொல்லாமல்
என் நெஞ்சு வாரை விலக்கினான்.
அதனடியில் அமுங்கிக் கிடந்தது பட்டன்.

நான்கு நிமிடம்.
பின்கயிறு கையைவிட்டுப் போனதை
அவன் ஏழு முறை கத்தியிருக்கிறான்.
பம்ப் தன்னைத்தானே சுற்றிச்
சட்டத்தில் ஒரு முறை உரசியிருக்கிறது.
சிவப்புப் பெயின்டில் வெள்ளைக் கோடு,
ஒரு முழ நீளம்.

அழுத்தியவனுக்குக் காது கிடையாது.
மூசா முதல் நாளே சொன்னது.

வாரிலிருந்து விடுபட்ட ஏழு
ஒரேயடியாக இரைந்தது:
வங்காளம், இந்தி, யாரோ ஒருவனின் இருமல்.
பிறகு பௌலோஸ், நிதானமாக,
'ஏழு, கேக்குதா?'
'கேக்குது.'
ஒரு மூச்சு. என்னைவிட நீளமான மூச்சு.
'கயிறு கெட்டிட்டு சொல்லு.
நான் இவிடெத்தன்னே இருக்கேன்.'

கட்டினோம்.
மெல்ல, மெல்ல, மெல்ல.
தரை தொட்டதும் என் தொண்டை மணலாக இருந்தது.

திருப்பிக் கொடுக்கும்போது
வியர்வை உப்பைத் துடைத்து அணைத்தேன்.
பழுது ஏதும் உண்டா என்ற கட்டத்தில்
'வார்' என்று எழுதினேன்.
மூசா படித்துவிட்டு என்னைப் பார்த்தான்,
மறுபடி தாளைப் பார்த்தான்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது
நான் நினைத்ததைவிடக் குள்ளமான ஆள்.
காது ஓரம் நரை.
கேம்ப் விளக்குகள் தெரியும்வரை
கடலைப் பொட்டலத்தை என் பக்கம்
நீட்டியபடியே வந்தார்.
இறங்குகிற நேரத்தில்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு,
'ஆத்யம் சொன்னதே மதி' என்றார்.